குப்பை வண்டியில் எபினேசர்

ஜூன் 3, செவ்வாய்

எபினேசர் எங்கள் பாட்டை நகராட்சிக்கு விற்றான்.

செத்துப்போனவனைப் பற்றி இப்படி எழுதக் கூடாது என்று சுகந்தி சொல்வாள். அவன் பொங்கல் முடிந்த வாரம் காமாலையில் செத்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. விற்றது விற்றதுதான்.

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வண்டி வந்தது. முதலில் அவன் பேச்சு வரும். “அம்மா... குப்பை வண்டி வந்திருக்கும்மா... வாம்மா...” பிறகு சுகந்தியின் டிரம்ஸ். பிறகு என் பாட்டின் முதல் வரி. இரண்டாவது வரியிலிருந்து யாரோ ஒரு அதிகாரி எழுதியது. “மூடியைத் திற, மூடியைத் திற, பச்சையும் நீலமும் பிரிச்சுக் கொடு.” பச்சைத் தொட்டி மக்கும் குப்பை, நீலத் தொட்டி மக்காத குப்பை. நான் எழுதிய பாட்டு இது இல்லை.

வாய் கொப்பளித்தேன். ஷிஃப்டுக்குக் கிளம்பினேன்.

ஜூன் 5, வியாழன்

நான் எழுதியது இது:

மூடியைத் திற, மூடியைத் திற
உள்ளே ஒருத்தன் பேரு இருக்கு

எபியின் தாய்மாமன் தோல் பதனிடும் டேனரியின் கழிவுத் தொட்டியில் இறங்கினார். மேலே வரவில்லை. பெயர் தாவீது. மறுநாள் செய்தித்தாளில் ‘கூலித் தொழிலாளி பலி’ என்று இருந்தது, பெயர் இல்லை. எபி அந்தத் தாளை என்னிடம் காட்டினான். அன்றே பாட்டை எழுதிவிட்டேன். அவன் மெட்டுப் போட்டான். சுகந்தி சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்த டிரம்ஸை எங்களுக்கும் வாசித்தாள். மூன்று பேர். குழுவுக்கு ‘நாலாவது வார்டு’ என்று பெயர். ஊரில் எங்கள் பக்கத்தை அப்படிச் சொல்லித்தான் முகம் சுளிப்பார்கள்.

பாட்டு ஒரு கோடிப் பேருக்கு மேல் போனது. ஏன் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கல்யாண மேடைகளில் மாப்பிள்ளையும் பெண்ணும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆடினார்கள். குழந்தைகள் டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து மூடி வீடியோ போட்டார்கள். ஒருத்தன் செத்த குழியைச் சுற்றி ஆடுகிறோம் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்களும் ஆடினார்கள், தாளம் அப்படி.

அதன் பிறகு ஒன்றும் இல்லை. எங்களிடம் வேறு பாட்டுகளும் இருந்தன. ரேஷன் கடைப் பாட்டு, மாதவிடாய் லீவு பற்றி சுகந்தி சொல்லி நான் எழுதிய பாட்டு, எபிக்கு மிகவும் பிடித்த தண்டவாளப் பாட்டு. ஒரு இன்ஜினியரிங் கல்லூரி விழாவில் தண்டவாளப் பாட்டை ஆரம்பித்தோம். முன்வரிசையிலிருந்து “மூடி! மூடி!” என்று கத்தினார்கள். அதையே பாடினோம். திரும்பப் பாடச் சொன்னார்கள். திரும்பப் பாடினோம். மூன்றாவது முறை பாடும்போது எபி சிரித்துக்கொண்டே பாடினான். தாவீது மாமா உள்ளே கிடக்கிறார், இவன் சிரிக்கிறான். இறங்கி வந்ததும் கேட்டேன். “இன்னா பண்ண சொல்ற, அழுதா காசு தருவானா” என்றான்.

உலகத்தில் ஒரே பாட்டோடு நின்றுபோன குழுக்கள் எத்தனையோ இருக்கும். அவர்களுடைய பாட்டாவது பாட்டாக இருக்கும். எங்களுடையது குப்பை வண்டியில் போகிறது.

ஜூன் 9, திங்கள்

லீவு போட்டுவிட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். பட்டா கேட்டு வந்தவர்கள், பென்ஷன் கேட்டு வந்தவர்கள், மண்ணெண்ணெய் கேனோடு வந்து வாசலில் போலீஸிடம் மாட்டிக்கொண்ட ஒருவர். நான் பாட்டை நிறுத்தச் சொல்லி வந்திருந்தேன். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மனுவை வாங்கிய பெண் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “இது நல்ல பாட்டுதானேப்பா. எங்க பாப்பா இதப் பாடினாத்தான் சாப்புடுது” என்றார். முத்திரை குத்தி நகராட்சியின் நடவடிக்கைக்கு அனுப்புவதாகச் சொன்னார். நகராட்சி மேல் கொடுத்த மனு நகராட்சிக்கே போகிறது.

திரும்பும்போது கேஸ் சிலிண்டர் புக் பண்ணினேன்.

ஜூன் 15, ஞாயிறு

வண்டிக்குப் பின்னால் ரோசம்மா அத்தை நடந்து வந்தார். எபியின் அம்மா. அவருக்கு அந்த வண்டியில்தான் வேலை போட்டிருக்கிறார்கள். செத்த மகனின் குரலுக்குப் பின்னால் தாயை நடக்கவிட்டிருக்கிறார்கள். இதைவிடக் கேவலம் இந்த ஊரில் நடந்ததில்லை. நடந்திருக்கும், எனக்குத் தெரியாது.

ஒலிபெருக்கி வண்டியின் பின்பக்கம் இருக்கிறது. மற்ற பெண்கள் சத்தம் தாங்காமல் தள்ளித்தான் நடக்கிறார்கள். அத்தை அதை ஒட்டியே நடக்கிறார். காது போய்விடும்.

நான் மாடியிலிருந்து இறங்கவில்லை. அக்காதான் தொட்டிகளை எடுத்துக்கொண்டு போனாள். நின்று பேசிவிட்டு வந்தாள்.

“ஏன்டா அவங்களப் பாத்தா உள்ள ஓட்ற?”

“ஓடல.”

“அடக்கத்தன்னிக்கு போனதோட சரி. அப்புறம் எட்டிப் பாத்தியா? அந்தம்மா உன்ன கேக்குது. ஞாயித்துக்கெழம அவங்களுக்கு லீவு முறையாம். வேணாம்னு வந்து நிக்குதாம். மேஸ்திரி திட்றாராம்.”

லீவு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள். ஒப்பந்த வேலை. வேறென்ன காரணம் இருக்க முடியும்.

ஜூன் 18, புதன்

கம்பெனியில் பசை வாடை. ஓவர்டைம். வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 23, திங்கள்

சென்னையிலிருந்து ரிஷிகாந்த் என்று ஒருவன் பேசினான். யூடியூப் சேனல் வைத்திருக்கிறான். ஒரே பாட்டில் புகழடைந்து பிறகு காணாமல்போன குழுக்களைப் பற்றித் தொடர் எடுக்கிறானாம். ஏற்கெனவே நான்கு குழுக்களை எடுத்திருக்கிறான். ஒருவர் இப்போது ரியல் எஸ்டேட், ஒருவர் சாமியார் மடத்தில் பஜனை பாடுகிறார்.

“நீங்க இப்ப என்ன ப்ரோ பண்றீங்க?”

“ஷூ கம்பெனி. மேல்தோல் வெட்ற செக்ஷன்.”

“சூப்பர் ப்ரோ.”

எது சூப்பர் என்று கேட்கவில்லை. பாட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று அவனுக்குத் தெரியாது. சொன்னேன். அப்படியென்றால் இதுதான் தொடரின் முக்கியமான பகுதி என்றான். குப்பை வண்டி விஷயத்தையும் சொன்னேன். அவன் மூச்சு வாங்கும் சத்தம் போனில் கேட்டது.

மனுவுக்குப் பதில் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

படப்பிடிப்பு. காலையில் சுகந்திக்குப் போன் செய்தேன். ஓசூரில் போன் கம்பெனியில் வேலை செய்கிறாள். வர மாட்டேன் என்றாள்.

“நீ பேசப் போறேன்னு ரோசம்மா ஆன்ட்டிகிட்ட கேட்டியா?”

அவர்களுக்காகத்தான் பேசப் போகிறேன், இதில் கேட்க என்ன இருக்கிறது என்றேன்.

“எபி எதுக்கு அதப் பாடினான்னாவது உனக்குத் தெரியுமா?”

காசுக்கு. அவன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். ரிஷிகாந்தின் கார் கீழே வந்து ஹாரன் அடித்தது. பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ரிஷிகாந்த் என்னைக் கிட்டாரோடு குப்பைக் கிடங்கின் முன்னால் நிற்க வைத்தான். கிட்டாரில் இரண்டு கம்பி இல்லை. கேமராவில் தெரியாது என்றான். எங்கள் பாட்டு எப்படி வந்தது, தாவீது மாமா யார், அந்த வரிகள் எப்படி மாற்றப்பட்டன என்று எல்லாம் சொன்னேன். என் வரிகளை முழுதாக ஒருமுறை சொல்லிக் காட்டினேன். அதை அவன் அவ்வளவாகக் கவனிக்கவில்லை, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு சொன்னேன். “அவன் அம்மாவயே அந்த வண்டிக்குப் பின்னால நடக்க வெச்சிருக்காங்க. தினமும் காலைல செத்த புள்ள குரலக் கேட்டுக்கினு குப்ப அள்றாங்க. அவங்க மனசு என்ன பாடுபடும்னு ஒரு ஆபிசரு யோசிச்சானா?”

ரிஷிகாந்த் நிமிர்ந்தான். “ப்ரோ, இத இன்னொரு தடவ சொல்லுங்க. கொஞ்சம் நிறுத்தி.”

சொன்னேன்.

“இன்னும் ஒரே தடவ. கேமராவப் பாக்காம, வண்டி போற பக்கம் பாத்து.”

மூன்றாவது முறை சொல்லும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதுதான் நன்றாக வந்திருக்கிறது என்றான். எனக்கும் சேர்த்து பிரியாணி வாங்கி வந்திருந்தான்.

ஜூலை 8, செவ்வாய்

வீடியோ வந்து மூன்று நாளில் எங்கும் பரவிவிட்டது. கம்பெனியில் சூப்பர்வைசர் மெஷினை நிறுத்திவிட்டுப் போனைக் காட்டினார். ‘தாயின் கண்ணீர்’ என்று தலைப்பு. அத்தை அழுததை யாரும் படம் பிடிக்கவில்லை. யாரோ ஒரு அம்மாவின் கண்ணைப் போட்டிருந்தார்கள்.

கீழே ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தார்கள். மனிதநேயம் செத்துவிட்டது. அந்தத் தாயை நினைத்தால் தூக்கம் வரவில்லை. நகராட்சி மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒருத்தன் மட்டும் தாவீது மாமாவைப் பற்றிக் கேட்டிருந்தான், அந்த டேனரி மேல் வழக்குப் போட்டார்களா என்று. அவனுக்கு யாரும் பதில் எழுதவில்லை. நானும்தான். என்ன எழுதுவது, வழக்கு இல்லை.

“உனுக்கு ரெண்டாவது ஹிட்டு வந்துச்சுடா” என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

நகராட்சியின் சுகாதார ஆய்வாளர் போன் செய்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மிகவும் மரியாதையாகப் பேசினார். மேலிடத்திலிருந்து கேட்டுவிட்டார்களாம். நாளையிலிருந்து அந்தப் பாட்டு எந்த வண்டியிலும் வராது, எல்லாவற்றிலிருந்தும் அழித்தாகிவிட்டது என்றார்.

“அந்தம்மாவயும் வண்டிலேர்ந்து எடுத்துட்டோம் சார். நீங்க சொன்னதும் நியாயம்தான. வண்டியப் பாத்தாலே பையன் ஞாபகம் வரும். மனசு கஷ்டப்படக் கூடாது இல்ல? கால்வாய் அள்ற கேங்குக்கு மாத்திருக்கோம். அது பழகின வேலதான் அவங்களுக்கு.”

நன்றி என்றேன். வேறு என்ன சொல்ல. பழக்க தோஷத்தில் வந்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

வண்டி வந்தது. சொல் இல்லாத ஏதோ ஒரு கீபோர்டு இசை. ஜெயித்துவிட்டேன். அக்கா வண்டி வந்ததையே கவனிக்கவில்லை. குப்பை வீட்டிலேயே கிடக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

சுகந்தி ஊருக்கு வந்திருந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. தெருமுனை டீக்கடையில் நின்றுகொண்டு வரச் சொன்னாள்.

எபி நகராட்சியிடம் ஒரு பைசாவும் வாங்கவில்லையாம். பாட்டை வேறு வார்த்தை போட்டுப் பாடித்தர முடியுமா என்று அவர்களே வந்து கேட்டபோது, எங்கம்மாவைக் கால்வாய் கேங்கிலிருந்து எடுத்து வண்டியில் போடுங்கள், பாடுகிறேன் என்றானாம். அத்தைக்குக் கால் முழுக்கப் புண். மழைக்காலத்தில் சேற்றில் நின்று நின்று ஆறவே இல்லை. அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சு. அவன் ஒரே மூச்சில் பாடிக் கொடுத்துவிட்டு வந்தான்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ போன எடுத்தியா?”

அப்போது எனக்கு அவனோடு பேச்சில்லை. நான் எழுதியதை மாற்றிப் பாடியிருந்தான். கோபம் வருமா வராதா. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் சுகந்திதான் எனக்குச் சொன்னாள். அந்த வாரம் ஷிஃப்டு மாறியிருந்தது. போவதற்குள் முடிந்துவிட்டது. இதை இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

டீ ஆறிப்போனது. சுகந்தி அவள் டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 21, திங்கள்

லீவு கிடைக்கவில்லை. கம்பெனி கழிப்பறைக்குள் போய் ஆய்வாளருக்குப் போன் செய்தேன். அத்தையை மறுபடியும் வண்டிக்கே மாற்றுங்கள் என்றேன். பாட்டு வேண்டாம் என்றீர்கள், எடுத்தோம், இப்போது என்ன என்றார். இப்போது மாற்றினால் மறுபடியும் வீடியோ போடுவீர்கள் சார் என்று சிரித்தார். அவர் சொல்வதில் தப்பில்லை. போட மாட்டேன் என்றேன். பார்க்கலாம் என்றார்.

ரிஷிகாந்துக்குப் போன் செய்தேன். வேறொரு குழுவை எடுக்க மதுரையில் இருக்கிறானாம். “ப்ரோ, ஃபாலோ அப் ஸ்டோரிக்கெல்லாம் வியூஸ் வராது ப்ரோ.”

ஜூலை 24, வியாழன்

கம்பெனி பஸ் மார்க்கெட் தாண்டும்போது பார்த்தேன். மீன் கடை வரிசைக்குப் பின்னால் கால்வாயில் நான்கைந்து பெண்கள் இறங்கி நின்றார்கள். அத்தை முழங்கால்வரை உள்ளே. பழைய பெயிண்ட் வாளியில் சேற்றை மொண்டு மேலே நின்ற பெண்ணிடம் கொடுத்தார். மேலே நின்றவள் கரையில் கொட்டினாள். கையுறை இல்லை. மீன் வாங்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

பஸ் அங்கே நிற்காது. நிறுத்தச் சொல்லலாம். சொன்னால் டிரைவர் நிறுத்துவார், நல்ல மனிதர்.

சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ரோசம்மா அத்தை வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். குளித்து, தலைவாரி, சர்ச்சுக்குப் போகும் வெள்ளைப் புடவையில் வந்தார். செருப்பு போட முடியாமல் ஒரு காலில் துணி சுற்றியிருந்தது. அக்கா நாற்காலி போட்டாள். உட்காரவில்லை. சாப்பிடுங்கள் என்றாள். சாப்பிட்டுவிட்டேன் என்றார். பொய்.

நானே முதலில் பேசினேன். ஆய்வாளரிடம் பேசியிருக்கிறேன், அடுத்த திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறேன், எப்படியும் கால்வாய் வேலையிலிருந்து மாற்றிவிடுவார்கள் என்றேன்.

“நான் அதுக்கு வர்ல பரிதி” என்றார். “கால்வா எனுக்கு இன்னா புதுசா? உங்க தாவீது மாமா செத்தப்பவும் கால்வாலதான் நின்னேன். எபிக்கு அந்த வருத்தம் இருந்துச்சி. அவன் இல்ல, அது போச்சி.”

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“பாட்ட ஏன் நிறுத்தச் சொன்ன?”

உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன் என்றேன்.

“எங்கிட்ட கேட்டியா?”

போனை எடுத்தேன். எபியின் குரல் எங்கும் போய்விடவில்லை, இதோ இருக்கிறது என்று காட்டத்தான். எங்கள் பழைய பாட்டைப் போட்டேன், நான் எழுதியதை. உள்ளே ஒருத்தன் பேரு இருக்கு என்று வந்தது. அத்தை கையை நீட்டிப் போனைக் கவிழ்த்து வைத்தார். பாட்டு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா எடுத்து அணைத்தாள்.

“இது வேணாம். இதுல எந்தம்பி சாவுறான். ஊரே ஆடுச்சி, நான் ஒருநாளும் இத முழுசா கேட்டதில்ல. வண்டில வந்தது வேற. அதுல எம்புள்ள அம்மான்னு கூப்டுவான்.”

அந்தப் பதிவைத் தேடி வாங்கி உங்கள் போனில் போட்டுத் தருகிறேன் என்றேன். யாரிடமாவது இருக்கும். இல்லாவிட்டாலும் தேடுகிறேன் என்றேன்.

“போன்ல வெச்சிக்கினு நான் மட்டும் கேக்கவா? நீ மேலத்தெருல நடந்திருக்கியா பரிதி? நான் இருவது வருசமா நடக்கறேன். தண்ணி கேட்டா கேட்டுக்கு வெளியவே மொண்டு ஊத்துவாங்க. கேட்ட தொட்டா கழுவுவாங்க. எம்புள்ள வாம்மான்னு கூப்ட்டா அந்தப் பொம்பளைங்க கதவத் தொறந்துகினு ஓடி வந்தாங்க. இருப்பா இருப்பா, வந்துட்டேன்னு அவனுக்கு பதில் சொல்லிக்கினே வருவாங்க. கேட்டியா அத? தெனம் சொல்லுவாங்க. அவன் செத்தது அவங்களுக்குத் தெரியாது. நான் சொல்லல. அந்தத் தெருல அவன் சாவல.”

அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள்.

“நீ பெரிய எடத்துல பேசி நிறுத்திட்ட. கெட்டிக்காரன். வீடியோல பாத்தேன், நல்லா பேசற. அவனும் சொல்லுவான், பரிதி பேசினா கலெக்டரே எழுந்துப்பாருன்னு.”

அவர் அதைக் குத்திச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. ஒருவேளை என் முகத்திலும் ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கும்.

எல்லாவற்றிலிருந்தும் அழித்துவிட்டார்கள் என்று ஆய்வாளர் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். வெயில் அதிகமாக இருக்கிறது, உட்காருங்கள் அத்தை என்றேன்.

அவர் உட்காரவில்லை. சொம்பைத் தரையில் வைத்தார்.

“நீதான நிறுத்தச் சொன்ன. நீயே போய் போடச் சொல்லு. நாளிக்கு வண்டி மேலத்தெருக்கு வர்றப்போ எம்புள்ள கூப்புடணும். நான் கால்வால நின்னாலும் கேக்கும். சொல்றியா?”

கீழே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது ஸ்டார்ட் ஆகவில்லை. நான் அவர் காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பரிதி, ஒன்னத்தான் கேக்கறேன். போடச் சொல்றியா, இல்லியா?”